வெள்ளிக்கிழமைக்குள் காயாத மலை

எண்ணெய் வர்ணத்தில் மலை வரையும் என் இனத்தாரே, தீட்டுவது மட்டுந்தான் நம் கையில் இருக்கிறது, காய்வது அதன் இஷ்டம்.

பனி

தோட்டத்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேறிய காலம். மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், செல்லம்மாக்காவுக்கும் புருஷனுக்கும் வெள்ளிக்கிழமை பயணம். அவர்களுக்குக் கிடைத்தது இந்தியப் பிரஜாவுரிமை, மகள் ராணிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. மலைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், இங்கேயே இருந்துவிடுவாள். இடையிலே நிற்கிற அந்த மலையைத்தான் அக்கா படமாகக் கேட்டார்.

இரண்டு நாள் அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். மலையே இல்லை. பால் பொங்கி நின்ற மாதிரி பனி. பிரஷோடு நானும் அதற்குள் மிதந்துகொண்டிருந்தேன். அக்கா தேத்தண்ணியை நீட்டிச் சிரித்தார். "ராணி சின்னப்புள்ளையில ஊதியே இதைக் கலைச்சிருவா தம்பி. நீங்களும் ஊதிப் பாருங்களேன்."

நீலம்

மூன்றாம் நாள் மலை வந்தது. தூரத்தில் இருப்பது நீலம் தட்டும், நமக்குத் தெரியாததா? நீலத்தில் வெள்ளையைக் குழைத்துப் பூசினேன். தூக்கத்தில் தெரிகிற மலை மாதிரி இருந்தது. எனக்கே பெருமை. அக்கா முகம் வாடிவிட்டது. தூரத்துக் கணக்கை விளக்கினேன். "தூரமாப் போறது நாந்தானே தம்பி, மலை இல்லையே. பச்சையாவே போடுங்க."

வாட்டும் மாடி

நீலத்தின் மேல் தடிப்பாக ஏற்றிய பச்சை, காய மாட்டேன் என்றது. ஈரப் படத்தைச் சுருட்டவும் முடியாது, கட்டவும் முடியாது. ஃபெக்டரியில் வேலை பார்த்த அக்காவின் புருஷன்தான் யோசனை சொன்னார். பறித்த தேயிலைக் கொழுந்தை வாட்டும் மாடியில் சூட்டுக் காற்று வீசுமே!

வியாழக்கிழமை அங்கே கொண்டுபோய்ச் சாத்தினோம். கொழுந்து வாசத்தில் மலை கண்மூடிக் கிடந்தது. எந்த வாடையையும் தேயிலை இழுத்துக்கொள்ளும் என்பது இரண்டு பேருக்குமே மறந்துபோயிற்று. ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் மூக்கைச் சுளித்துக்கொண்டு படியேறி வந்தார். "லண்டன்காரன் தேத்தண்ணி குடிப்பானா, ஒங்க பெயிண்டைக் குடிப்பானா? தூக்குங்க வெளிய!"

லொறி

வெள்ளி காலை. ஈரம் அப்படியே. படத்தை நெஞ்சுக்கு நேரே, வெளிப்பக்கம் பார்க்கப் பிடித்துக்கொண்டு அக்கா தோட்டத்து லொறியடியில் நின்றார். மலையைச் சுற்றி ஓடிவந்த ராணி, அப்படியே அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ, ஈரம்!" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

விலகியபோது பாதி மலை அவளுடைய மஞ்சள் சேலையில் இருந்தது. டர்பன்டைன் துணியோடு ஓடினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "தொடைக்காதீங்க தம்பி. அவ பக்கத்து மலை அவகிட்டயே இருக்கட்டும். எனக்கு நம்ம பக்கம் போதும்."

நான் வரைந்ததிலேயே, நேரத்துக்குக் காயவில்லையென்று யாரும் ஏசாத படம் அது ஒன்றுதான்.