இணைச்சீர்க் கூடையில் இருந்த சங்குப்பூ

காளியாத்தாள் கீலக வருஷம் ஆடி மாதம், அதாவது 1908இல், புதுச்சத்திரத்தில் பிறந்தாள். அவளுக்கு உடன்பிறப்பு ஒரே தம்பி, சென்னிமலை. தாய் காய்ச்சலில் போனபோது அவன் கைக்குழந்தை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே களை வெட்டியவள் காளியாத்தாள். பதினாறு வயதில் சின்னுசாமிக்கு வாழ்க்கைப்பட்டாள். பிள்ளை பிறக்கவில்லை.

சின்னுசாமிக்குத் தூத்துக்குடியில் ஒரு பஞ்சுக் கிடங்கில் எடை போடும் வேலை கிடைத்தது. பிரபவ வருஷத்திலிருந்து ஆறு வருஷம் இருவரும் அங்கே இருந்தார்கள். அடுத்த குடிசை சவேரியம்மாளுடையது. அவள் புருஷன் சங்கு குளிப்பவர். மூச்சை அடக்கிக் கடலுக்கு அடியில் இறங்கி, மணலில் துழாவிச் சங்கெடுப்பவர். ஒருநாள் சங்கோடு சேர்ந்து ஒரு சாண் நீளத்தில் வேறொன்றும் வந்தது. பழுப்பு நிறம், வளையம் வளையமாக மடிப்பு, லேசான முறுக்கு.

“ஆட்டுக் கொம்புங்களா அக்கா?” என்று கேட்டாள் காளியாத்தாள்.

சவேரியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். “கொம்பா? ஏ காளி, இது சங்கு முட்டையிட்ட வீடுல்லா! நாங்க சங்குப்பூம்போம். ஒவ்வொரு மடிப்பும் ஒரு அறை. உள்ளுக்க எக்கச்சக்கமா முட்டை கெடக்கும். முந்திப் பொரிச்சது மத்ததத் தின்னுட்டு வளரும். மிஞ்சினது ஓட்டோட வெளிய வரும்.”

“தாய்ச்சங்கு பாத்துட்டுச் சும்மாவா இருக்கும்?”

“அது எங்க பாக்கும்? அடிய மணல்ல ஊணிட்டுப் போயிரும். குஞ்சு மொகத்தைக்கூடப் பாக்காது. முத்துச்சிப்பி அதுக்கு மேல. ஆணும் பெண்ணும் இருந்த எடத்துல இருந்தபடியே முட்டையும் விந்துமாத் தண்ணிக்குள்ள விட்டுரும். சிப்பி கெடக்குற பாருக்கு மேல கடலே பால் கலந்தாப்புல வெளுக்கும்னு இவுக சொல்லுவாக. எது யாரு பிள்ளைன்னு கடலுக்கே தெரியாது.”

அந்தச் சங்குப்பூவை ஊர் திரும்பும்போது சவேரியம்மாள் கொடுத்தனுப்பினாள். காளியாத்தாள் அதைத் தம்பி வீட்டில் வைத்தாள். பெரியப்பன் செங்கோடன் அதைப் பார்த்ததும், ராமேசுவரம் பக்கத்து நாகராஜாவின் கொம்பு என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அது முட்டை வீடு என்று அவள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. கொம்பு சாமி மாடத்துக்குப் போனது. அமாவாசைதோறும் சந்தனம், குங்குமம், ஒரு கற்பூரம்.

பவ வருஷம் தை மாதம் சென்னிமலைக்குக் கல்யாணம் வந்தது. புதுச்சத்திரம் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளைக்கு அருகே அவன் அக்காளோ தங்கையோ மணையில் உட்காருவாள். பெண்ணுக்கான கூறைப்புடவையின் ஒரு நுனி மாப்பிள்ளை கையில், மறுநுனி அவளிடம். இருவர் தலையிலும் அரிசி போட்டு வாழ்த்தி, சீரை நடத்தி வைக்கும் அருமைக்காரர் செங்கோடனேதான்.

காளியாத்தாள் குளித்து, கூந்தலில் ஈரம் காயாமல், சீர்க் கூடையோடு பந்தலுக்குள் வந்தாள். செங்கோடன் கையை நீட்டித் தடுத்தார்.

“நில்லு அம்மிணி. சீருக்கு ராசாத்தி உக்காரட்டும்.”

ராசாத்தி செங்கோடனின் மகள், மூன்று பிள்ளைகளின் தாய்.

“ஏனுங்க பெரியப்பா, எம்பட கையி காலு நல்லாத்தானே இருக்குது?”

“வெளையாடாதே. இந்தச் சீரு எதுக்குப் பண்றது? நாளைக்கு உம்பட புள்ளையும் அவம்பட புள்ளையும் சம்பந்தம் பண்றதுக்கு. நீ எதைக் கொண்டாந்து குடுப்பே?”

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சென்னிமலை எழுந்திருக்கப் பார்த்தான்.

“நீ உக்காரு சாமி. இது எம்பட பேச்சு” என்றாள் அவள்.

அவள் கண் கூடைக்குள் போனது. நெல்லின் மேல், சந்தனப் பொட்டோடு, நாகக் கொம்பு. செங்கோடன்தான் மங்கலப் பொருள் என்று காலையில் வைத்திருந்தார். அதை எடுத்து எல்லோரும் பார்க்க உயர்த்தினாள்.

“இது கொம்பில்லீங்க பெரியப்பா. சங்கு முட்டை வெச்ச ஊடு. அன்னிக்கே சொன்னேன், நீங்க கேக்கலே. இதுக்குள்ள பெருசு சிறுசைத் தின்னுதான் வளரும். பெத்தவ மணல்ல நட்டுப்போட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிருவா. அவளுக்கு அமாவாசைக்கு அமாவாசை பொட்டு வெச்சீங்க. கைக்கொழந்தையை எடுத்து வளத்தவ நானு. நான் மணையில உக்காந்தா ஆகாதுங்களா?”

செங்கோடன் கொம்பைப் பார்த்தார். அதிலிருந்த பொட்டு அவர் விரல் வைத்தது.

“சாமி சமாச்சாரத்துல முட்டை கிட்டைன்னு பேசாதே!”

“அப்பச் சங்கு சாமி சமாச்சாரம் இல்லீங்களா?” அவள் திரும்பினாள். பந்தல் காலருகே மாரியம்மன் கோயில் பண்டாரம் மாரியப்பன், ஊதத் தயாராகச் சங்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். “ஏனுங்க பண்டாரம், உங்க கையில இருக்கறது ஆண் சங்குங்களா, பொட்டைச் சங்குங்களா?”

“சங்குல அது வேற இருக்குதா?”

“இருக்குதுங்க. பொட்டையின்னா, முட்டை வெச்சதா, வெக்காததா?”

மாரியப்பன் சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயருகே கொண்டுபோய் உள்ளேயும் எட்டிப் பார்த்தார். “அது எனக்கெப்படி அம்மிணி தெரியும்? ஊதுனாச் சத்தம் வருது. அதுக்கு மேல நான் கேட்டதில்லீங்க.”

பந்தல் சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் சாய்ந்திருந்தது.

“நீங்களும் எங்கிட்ட அதுக்கு மேல கேக்காதீங்க பெரியப்பா” என்று சொல்லிவிட்டு, காளியாத்தாள் அவர் சம்மதத்துக்குக் காத்திராமல் மணையில் உட்கார்ந்தாள். சங்குப்பூவை நெல்லின் மேல் பழைய இடத்திலேயே வைத்தாள்.

செங்கோடன் மகளைப் பார்த்தார். “ராசாத்தி, வா இப்படி.”

ராசாத்தி வந்தாள். கூறைப்புடவையின் நுனியை எடுத்து, காளியாத்தாளின் கக்கத்தில் செருகினாள். “எனக்குக் காலு மரத்துப் போச்சுங்கப்பா. சம்மணம் போட முடியாது” என்று சொல்லிவிட்டு அரிசித் தட்டைத் தகப்பன் கையில் கொடுத்தாள்.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பெண் வீட்டார் எட்டி எட்டிப் பார்த்தார்கள். செங்கோடன் ஒரு பிடி அரிசியை அள்ளினார். சென்னிமலையின் தலையில் போட்டார். காளியாத்தாள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தரையில் கொட்டுகிறவர் போல உதறினார். மாரியப்பன் சங்கை எடுத்து முழு மூச்சில் ஊதினார்.

சங்கு நிற்கும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

“பெரியப்பா, எம்மேல ஒண்ணுகூட விழுகலீங்க. இன்னொருக்காப் போடுங்க.”

அவள் தலையைக் குனியவில்லை. அவர் திரும்பித்தான் ஆக வேண்டியிருந்தது. திரும்பினார், இன்னொரு பிடி அள்ளினார். இந்தத் தடவை அரிசி அவள் ஈரக் கூந்தலில் ஒட்டிக்கொண்டது.