கிரிவலம் போன இடது கை

ஊரப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் போன வாரம் தரைத்தளத்திலேயே வாயைத் திறந்துகொண்டு நின்றது. யாரோ வீடு மாற்றுகிறார்கள். பீரோவும் கட்டிலும் ஏறும்வரை கதவு மூடக் கூடாதாம். உள்ளே எட்டிப் பார்த்தேன். கதவைத் திறக்கும் பொத்தானின் ஓரத்தில் பிஸ்கட் பாக்கெட் அட்டையை நாலாக மடித்துச் செருகியிருந்தார்கள். பொத்தான் அமுங்கியது அமுங்கியபடியே கிடந்தது. விரலே தேவையில்லை. அழகான வேலைதான். உங்களுக்கு அது வெறும் அட்டை. எனக்கோ அதைப் பார்த்ததும் இரும்பும் எண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறிவிட்டது. காய்கறிப் பை கையில் கனக்க அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்த வாடை மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பினுடையது. காருக்கான இரும்புத் தகடுகளை அடித்து வளைக்கும் கொட்டகை. என் முதல் வேலை அங்கேதான், பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது. எல்லாரும் என்னை ‘சேஃப்டி சார்’ என்பார்கள். இருபத்து மூன்று வயது. கழுத்தில் டை, மார்போடு அணைத்த ஃபைல், மடிப்புக் கலையாத பேன்ட். எனக்கு எல்லாம் தெரியும் என்று அப்போது நான் நம்பியதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

அந்த மெஷினைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றிலும் இரண்டு பச்சைப் பொத்தான்கள், ஒரு முழ இடைவெளியில் இருக்கும். இரண்டையும் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கும் அச்சு இறங்கும். ஆக, கை இரண்டும் வெளியே இருக்கும், விரல் பிழைக்கும். இதை யோசித்தவன் கெட்டிக்காரன். எங்கள் ஆட்கள் அவனைவிடக் கெட்டிக்காரர்கள். இடது பொத்தானின் இடுக்கில் எதையாவது செருகி அதை அமுக்கியே வைத்துவிடுவார்கள். அப்புறம் வலது கை மட்டும் பொத்தானை அழுத்தும். சும்மா இருக்கும் இடது கை உள்ளே போய்த் தகட்டைச் சரி செய்யும். வேலை சீக்கிரம் முடியும், சாயங்காலம் முதல் பஸ்ஸைப் பிடிக்கலாம். அந்தக் கொட்டகையில் ஏற்கெனவே இரண்டு பேருக்கு விரல் குறைவு. அவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டே மற்றவர்கள் இதைச் செய்வார்கள்.

இவர்களில் படுவேகமான கை ஏழுமலையுடையது. திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். நல்ல மனுஷன். முன்பல் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். சிரிப்பு வந்தால் சட்டென்று இடது கையால் வாயைப் பொத்திக்கொள்வார். நான் சேர்ந்த இரண்டாவது வாரமே அவருக்கு ஒரு மெமோ கொடுத்தேன். அதற்குப் பிறகு பிரஸ் ஷாப்பில் இருமல் நோய் பரவியது. நான் வாசலில் கால் வைத்ததும் முதல் மெஷின்காரர் இருமுவார், அடுத்தவர் இருமுவார், கடைசி மெஷின்வரை அது போய்ச் சேரும். நான் போய்ப் பார்க்கும்போது எல்லாப் பொத்தானும் சுத்தமாக இருக்கும். மெமோ நன்றாக வேலை செய்கிறது என்று மேலதிகாரிக்கு அறிக்கை எழுதினேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே எழுதினேன்.

திங்கட்கிழமை காலை என் வகுப்பு. ஸ்லைடெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும், அரை மணி நேரம். ஆட்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கற்றிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை புரொஜக்டர் உயிரை விட்டுவிட்டது. நான் ஒயரைப் பிடுங்கிச் செருகி வியர்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கூட்டிப் பெருக்கும் ஜெயசீலி அக்கா தகர முறத்தோடு உள்ளே வந்தார்.

ஜெயசீலி அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் ஏரோது ராஜா வேஷம் அவருக்குத்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு துடைப்பமும் ஒரு நீலச் சேலையும்தான்.

“சார், அது எந்திரிக்கற வரிக்கும் நா ஒன்னு காட்டட்டா? பெருக்குனதுல நல்ல நல்ல சாமானெல்லாம் கெடச்சிகீது” என்றார்.

நான் தலையாட்டுவதற்குள் முறத்தை மேஜையில் கவிழ்த்துவிட்டார். மடித்த பஸ் டிக்கெட், பாதி தீப்பெட்டி, பல் குத்தும் குச்சி, பட்டை உரித்த சவுக்குக் குச்சி ஒன்று. எல்லாம் பொத்தான் இடுக்கிலிருந்து விழுந்தவை. அக்கா பஸ் டிக்கெட்டை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, தோளை ஒரு பக்கம் சாய்த்து நாலடி நடந்தார். அவ்வளவுதான். “தாஸு!” என்று கூட்டம் கத்தியது. எதிர் மெஷின் தாஸ் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்புறம் சவுக்குக் குச்சி. அக்கா வலது கையால் இல்லாத பொத்தானை அழுத்தினார், வேக வேகமாக. இடது கை மட்டும் மெதுவாகக் கிளம்பி, காற்றில் ஒரு மலையைச் சுற்றி வந்தது. நடுவில் நின்று ஒரு கும்பிடு. “வலது கை டூட்டி பாக்குது. எடது கை கெரிவலம் போய்கினு கீது!” கொட்டகையே அதிர்ந்தது. ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். “அக்கா நம்மள வுடாது போல கீதே” என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு, யார் யாருடையது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி அக்காவிடம் கேட்டேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

“பேரு சொல்ல மாட்டேன் சார். பேரு சொன்னா அது கம்ப்ளைண்ட்டு. நா நடந்துதான் காட்டுவேன்.”

அன்றிலிருந்து திங்கட்கிழமை முறத்துக்குச் சொந்தமாகிவிட்டது. ஆட்கள் ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து உட்கார்ந்தார்கள். மாட்டிக்கொண்டவருக்கு மெமோ கிடையாது, சிரிப்புதான். நானும் தப்பவில்லை. ஒரு வாரம் முறத்திலிருந்து சின்ன கறுப்பு ரப்பர் ஒன்று விழுந்தது, இயர்ஃபோனுடைய மூடி. அக்கா துடைப்பத்தை ஃபைல் மாதிரி மார்போடு அணைத்து, தலையை மட்டும் தாளத்துக்கு ஆட்டிக்கொண்டு நடந்தார். ஆட்கள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து மெல்ல ஒரு குரல், “சேஃப்டி சாரு...” காதடைப்பான் போடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, நான் மெஷின்களுக்கு நடுவே பாட்டுக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறேன்! முகம் எரிந்தது. வேறு வழியில்லாமல் நானும் சிரித்தேன். மறுநாள் நான் உள்ளே நுழைந்தபோது யாரும் இருமவில்லை. அதன் அருமை எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது.

ஏழுமலை மட்டும் மாறவில்லை. எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பார், மறு வாரமும் சவுக்குக் குச்சி முறத்தில் கிடக்கும். அவர் மெஷினைத் தாண்டும்போதெல்லாம் என் கண் அவர் விரல்களை எண்ணும். அவர் மனைவிக்கு அது ஏழாவது மாசம்.

அது நடந்தபோது நான் பத்தடி தள்ளி, நடைபாதைக் கோட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஏழுமலையின் மெஷினில் தகடு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது. வலது கை பொத்தானுக்குப் போனது, இடது கை உள்ளே போனது. நான் கத்தினேனா என்றுகூட நினைவில்லை. கத்தியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது. எதிர் மெஷினில் தாஸ் பார்த்துவிட்டார். தன் இரண்டு கையையும் எடுத்துவிட்டு, ஒரு விரலால் காற்றில் வட்டம் போட்டு, கும்பிடு போட்டார். கிரிவலம். வேலையில் இருக்கிறவரின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்பது நான் நடத்தும் பாடம். ஏழுமலை நிமிர்ந்தார், பார்த்தார், சிரிப்பு வந்துவிட்டது. இடது கை வாய்க்குப் போனது. அடுத்த நொடி வலது கை பொத்தானை அழுத்திவிட்டது. அச்சு இறங்கியது.

தகடு மட்டும் நசுங்கியது.

ஏழுமலையின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது, கை வாயிலேயே இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். துடைப்பத்தோடு ஓடிவந்த ஜெயசீலி அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிரித்துப் பார்த்து, விரல் விரலாகத் தொட்டார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

“நல்லவேளை, சிரிச்சாரு” என்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன்.

“சிரிச்சா அவன் எடது கை வாயாண்ட வந்துரும் சார், நீ பாத்ததில்லியா? பல்லு கோணல், கூச்சம். குச்சிய வுட மாட்டான்னு தெரிஞ்சிபோச்சி. அதான் தாஸாண்ட சொல்லி வெச்சேன், கை உள்ள போவறது பாத்தியா, ஒடனே கெரிவலம் காட்டுன்னு.”

பல மாசம் என் ஸ்லைடுகள் அந்தக் கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, இந்த அம்மாள் பெருக்கிக்கொண்டே அது எங்கே போகும், எதற்குத் திரும்பி வரும் என்று பார்த்து வைத்திருக்கிறார். அதற்கென்றே ஒரு நகைச்சுவையைச் செய்து ஊரிடம் கொடுத்திருக்கிறார். எவ்வளவு பெரிய மனசு, எவ்வளவு கூர்மையான கண்! இன்றைக்கும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. அடுத்த திங்கட்கிழமை சவுக்குக் குச்சி மேஜையில் விழுந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஏழுமலையே எழுந்து போய், தன் கையைக் கிரிவலம் அனுப்பிக் காட்டினார். அழுதுகொண்டே சிரித்தோம். அதற்கப்புறம் அந்தக் குச்சியை நான் பார்க்கவில்லை.

லிஃப்ட் வாசலில் வாட்ச்மேன் வந்தார். “யாருப்பா இத வெச்சது?” என்று கேட்டேன். “தெர்ல சார்” என்று தலையைக் குனிந்துகொண்டார். பாருங்கள், இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் பெயர் கேட்கத்தான் வருகிறது, நடந்து காட்ட வரவில்லை.

அந்தக் கொட்டகையில் இப்போது கூண்டுக்குள் ரோபோக்கள் தகடு அடிக்கின்றன. கை உள்ளே போக வழியே இல்லை, நல்லதுதான். பெருக்குவதற்கும் ஒரு வண்டி வந்துவிட்டது, அதற்கு எந்தக் குச்சி யாருடையது என்று தெரியாது. பயிற்சி செல்போனில். ஹெல்மெட் போட்ட கார்ட்டூன் காக்கா ஒன்று ஜோக் சொல்லும். அந்த ஜோக்குகளை எழுதியவன் நான்தான். யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. திங்கட்கிழமை முறம் போயிற்று. துப்புரவு ஒப்பந்தம் வேறு கம்பெனிக்கு மாறியபோது ஜெயசீலி அக்காவும் போய்விட்டார். மாமல்லபுரம் ரோட்டில் ஏதோ ரிசார்ட்டில் வேலை என்று கேள்வி.

போன மாசம் மாமல்லபுரம் கடற்கரையில் பஜ்ஜிக் கடை அருகே ஏழுமலையைப் பார்த்தேன். “இன்னா சார், முடியெல்லாம் கொட்டிப்போச்சி!” என்றார். பக்கத்தில் அவர் மகள், என் தோள் உயரம். அக்காவைப் பற்றிக் கேட்டேன். “நானும் எல்லா ரிசார்ட்டாண்டயும் கேட்டுப் பாத்துட்டேன் சார். நம்பரும் போவ மாட்டேங்குது.” விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் கும்பிட்டேன். ஏழுமலை வாய்விட்டுச் சிரித்தார். பல் வரிசையாக இருந்தது, கம்பி கட்டிச் சரி செய்திருக்கிறார். சிரிக்கும்போது இடது கை வாய்க்கு வரவில்லை. மகளின் கையைப் பிடித்தபடியே இருந்தது. எண்ணக் கூடாதுதான், எண்ணிவிட்டேன். ஐந்து விரலும் இருந்தன.