அஞ்சரை மணி லிஸ்ட்

பேய், ஆவின்னு எவனாச்சும் ஆரம்பிச்சா எழுந்து போற ஆளு மச்சான் நான். எங்க வேப்பம்பட்டுல ரயில்ல அடிபட்டவங்க கதை தெருவுக்கு ஒண்ணு கீது, அந்தத் தண்டவாளத்து ஓரமாவே செகண்ட் ஷிப்ட் முடிச்சு ஊட்டுக்கு நடந்து வந்தவன், ஒரு நாளும் பயந்தது இல்ல. நான் சொல்லப்போறத நீ கம்ப்யூட்டர் கோளாறுன்னுதான் சொல்லுவ. நானும் ரொம்ப நாள் அதத்தான் சொல்லிகினு இருந்தேன்.

மண்ணூர்பேட்டையில நான் வேல செய்றது காருக்குத் தகடு அடிச்சுக் குடுக்கிற கம்பெனி. காலை ஷிப்ட்டுக்கு அறுபத்தஞ்சு பேரு. யார் எந்த மெஷின்ல நிக்கணும்னு தினம் ஒரு லிஸ்ட் ஆறு மணிக்குள்ள போர்டுல ஒட்டியாகணும். அத வருஷக்கணக்கா போட்டுகினு இருந்தது தனம் அக்கா. ஐயப்பன்தாங்கல்ல மொத பஸ் புடிச்சு அஞ்சரைக்கெல்லாம் வந்து உக்காந்துடுவாங்க. மொத நாளே கேன்டீன்ல நாலு பேர் கிட்ட பேச்சு குடுத்து வச்சிருப்பாங்க, யாருக்கு ஒடம்பு முடியல, எவன் ஊட்ல சண்டை, எல்லாம் அவங்களுக்குத் தெரியும். அந்த மாதிரி ஆள தகடு அமுக்குற பிரஸ் மெஷின் பக்கம் போட மாட்டாங்க, பேக்கிங்ல உக்கார வச்சிடுவாங்க.

இத கம்ப்யூட்டரே செய்யாதான்னு மேனேஜர், ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்கற என்னைக் கேட்டாரு. எனக்கும் பேரு வாங்கணும்னு ஆசை. எக்செல்ல ஒரு மேக்ரோ எழுதினேன். நாம கையால செய்றத வரிசையா எழுதி வச்சிட்டா அதுவே செஞ்சு முடிச்சிடும், அவ்ளோதான் மேக்ரோ. காலைல அஞ்சரைக்கு கம்ப்யூட்டர் தானா அந்த ஃபைலத் தொறக்கும், லீவு போட்டவங்கள எடுத்துட்டு மிச்ச பேர மெஷினுக்கு மெஷின் பிரிக்கும், பிரின்ட் எடுக்கும், மூடிடும். ரூம்ல ஒரு ஆள் இருக்க வேணாம். சூபர்வைசர் ஆறு மணிக்கு வந்து பேப்பர எடுத்து ஒட்டினா போதும்.

அக்காவ ஸ்டோருக்கு மாத்திட்டாங்க. ஒரு மாசத்துல அவங்களே வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. போறப்ப எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "அதுக்கு ஆளுங்க மூஞ்சி தெரியுமா முரளி?" நான் சிரிச்சேன். ரெண்டு மாசம் கழிச்சு அக்கா தவறிட்டாங்கன்னு சொன்னாங்க, நெஞ்சு வலி. அன்னிக்கு ஆடிட் இருந்துச்சு, நான் போகல.

அதுக்கப்புறம்தான் லிஸ்ட் மாற ஆரம்பிச்சுது.

மொதல்ல பாஸ்கர். நாலாம் நம்பர் பிரஸ்ல வரவேண்டிய பையன், பேக்கிங்ல வந்திருந்தான். மேக்ரோல தப்பு கீது போலன்னு அதே ஃபைல காப்பி பண்ணி நானே ஓட்டிப் பாத்தேன், நாலாம் நம்பர்னு சரியா வருது. மத்தியானம் பாஸ்கர் வந்து தேங்க்ஸ்ண்ணேன்னு சொன்னான். நூத்தி மூணு டிகிரி காய்ச்சலாம், லீவு போட்டா அட்டன்டன்ஸ் போனஸ் போயிடும்னு மறைச்சுகினு வந்திருக்கான். சரி, ஏதோ தற்செயல்னு விட்டுட்டேன்.

அடுத்த வாரம் சுமதி. பெயின்ட் அடிக்கிற ரூம்ல வேல செய்ற பொண்ணு, லிஸ்ட்ல செக்கிங் டேபிள்னு வந்துச்சு. அது எங்கிட்ட வந்து நின்னுச்சு. அப்புறம், உங்களுக்கு யாரு சார் சொன்னாங்கன்னு மெதுவா கேட்டுச்சு. என்னத்தம்மான்னேன். மாசமா இருக்காம். நாப்பது நாளுதானாம், ஊட்டுக்காரருக்கே இன்னும் சொல்லலையாம். அந்த பெயின்ட் வாடைய நெனைச்சு ராவெல்லாம் பயந்துகினு இருந்திருக்கு.

நம்புனா நம்பு, எனக்கு அப்பவும் பேய் நெனப்பு வரல. எவனோ உள்ள பூந்து ஃபைல மாத்துறான்னுதான் நெனைச்சேன். பாஸ்வேர்ட மாத்தினேன், நெட்டு ஒயர உருவினேன், ரூம் சாவிய நானே வச்சிகினேன். அப்பவும் மாறுச்சு. சரி கையும் களவுமா புடிக்கலாம்னு மொத ரயில் ஏறி வந்து அஞ்சே காலுக்கே மானிட்டர் முன்னாடி உக்காந்தேன். மூணு நாள் உக்காந்தேன். மூணு நாளும் ஒரு பேரு மாறல. நாலாவது நாள் மழை, ஆறு மணிக்குத்தான் வந்து ரூமத் தொறந்தேன். அன்னிக்கு மாறியிருந்துச்சு. நான் உக்காந்தா சும்மா கீது, ஆள் இல்லன்னா மாறுது.

மேனேஜர் கத்த ஆரம்பிச்சாரு. பிரஸ்ல நிக்க வேண்டியவன் பேக்கிங்ல நிக்கிறான், வண்டி லோடாகாம நிக்குது. இன்னொரு தரம் ஒரு பேரு மாறுச்சுன்னா மொதல்ல உம் பேர எடுத்துடுவேன்னாரு. அதனால தினமும் ஆறு மணிக்குள்ள வந்து, மொத நாளே காப்பி ஃபைல்ல ஓட்டி வச்ச லிஸ்டோட பிரின்ட்ட ஒத்துப் பாத்து ஒட்டறது என் வேலையாச்சு.

அப்படி ஒரு வியாழக்கிழமை. ஏழாம் நம்பர் பிரஸ்ல வரவேண்டிய ஏகாம்பரம் பேரு ஸ்டோர்ல இருந்துச்சு. எங்க கம்பெனியில அவர மாதிரி பிரஸ் ஓட்ட ஆள் கெடையாது. திரும்ப பிரின்ட் எடுக்க நேரம் இல்ல. பேனாவ எடுத்து ஸ்டோர்ல இருந்த பேர அடிச்சிட்டு ஏழாம் நம்பருக்கு நேரா எழுதினேன். என் கையால.

ஏகாம்பரம் போர்டு முன்னாடி வந்து நின்னாரு. அடிச்சிருந்த எடத்த வெரலால தொட்டுப் பாத்துட்டு, "மொதல்ல நம்ம பேரு ஸ்டோர்லியா இருந்துச்சு?"ன்னாரு.

"தப்பா வந்துடுச்சுண்ணே"ன்னேன்.

ஏழாம் நம்பர் பக்கம் திரும்பினாரு. போயிட்டாரு. அவரு கண்ண நான் பாத்திருக்கணும். பாக்கல.

பதினோரு மணி இருக்கும். ஷெட்டுல எப்பவும் தடதடன்னு சத்தம் இருந்துகினே இருக்கும், பழகிட்டா காதுல விழாது. அது பொசுக்குனு நின்னுச்சு. ஓடிப் போனேன். ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அமுக்கினாத்தான் பிரஸ் எறங்கும், சீக்கிரம் முடியணும்னு ஒரு பட்டன்ல குச்சி சொருகி வச்சிருப்பாங்க, எல்லாரும் செய்றதுதான், மேனேஜருக்கும் தெரியும். வலது கையில ரெண்டு வெரல் போயிடுச்சு. ஏகாம்பரம் கத்தக்கூட இல்ல, தரையில உக்காந்து கைய மடியில வச்சு அதையே பாத்துகினு இருந்தாரு.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரு கொழந்தைய டெங்குன்னு சேத்திருந்தாங்களாம், மூணு ராத்திரியா இவரு கண்ணு மூடலையாம். ஆராண்டையும் சொல்லலன்னாரு. அப்புறம் கட்டுப் போட்ட கையத் தூக்கி என்னைக் கிட்ட கூப்ட்டாரு. "இன்னா ஏதுன்னு கேக்கல முரளி. மொதல்ல என் பேர ஸ்டோர்ல போட்டது ஆரு? அத மட்டும் சொல்லு."

கம்ப்யூட்டர்னேன். அவரு மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிகினாரு.

அங்கேர்ந்து நேரா ஐயப்பன்தாங்கல் போனேன், ஏன் போனேன்னு தெரியல. பஸ் டிப்போவுக்குப் பின்னாடி ரெண்டு ரூம் ஊடு. அக்கா ஊட்டுக்காரர் இருந்தாரு. வேலைய விட்டதும் அக்கா நல்லாத்தான் இருந்தாங்களான்னு கேட்டேன். எங்க நல்லா இருந்தா தம்பி, நாலு மணிக்கு எழுந்து குளிச்சு பொடவ கட்டிகினு இப்படி நாற்காலியில உக்காந்துடுவா, எங்கடி போறன்னா எங்கியும் இல்லன்னுவா, கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான்னாரு. காபி போடட்டுமான்னு கேட்டாரு. வேணாம்னு எழுந்து வந்துட்டேன், மன்னிப்புக் கேக்க வந்தேன்னு சொல்ல வாய் வரல.

அன்னில இருந்து லிஸ்ட்ல ஒரு பேரு மாறல. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. எழுதின மேக்ரோ எழுதினபடி ஓடுது, மேனேஜருக்கு சந்தோஷம். ஏகாம்பரத்த செக்யூரிட்டியா கேட்டுல போட்டுட்டாங்க, இடது கையால எனக்கு வணக்கம் வைக்கிறாரு. காய்ச்சலோட வர்றவன் காய்ச்சலோட பிரஸ்ல நிக்கிறான். நானும் தினம் பாக்கறேன், இன்னிக்காச்சும் ஒரு பேரு மாறியிருக்குமான்னு.

போன மாசம் சூபர்வைசர் லிஸ்ட் இன்னும் சீக்கிரம் வேணும்னு கேட்டாரு. எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு பாக்கலாம்னு கம்ப்யூட்டர்ல அதோட பதிவத் தொறந்தேன். எப்போ ஆரம்பிச்சுது, எப்போ முடிஞ்சுதுன்னு ஒவ்வொரு நாளும் அதுல இருக்கும். அதுவரைக்கும் நான் அதப் பாத்ததே இல்ல. அக்கா தவறுற வரைக்கும் தினம் ஒம்போது செகண்டு. அதுக்கப்புறம் நான் முன்னாடி உக்காந்திருந்த அந்த மூணு நாள் மட்டும் ஒம்போது செகண்டு. மிச்ச எல்லா நாளும் அஞ்சரைக்கு ஆரம்பிச்சு அஞ்சு அம்பத்திரண்டுக்கு முடிஞ்சிருக்கு. இன்னிக்குக் காலைலயும் அப்படித்தான்.

அறுபத்தஞ்சு பேரு, இருபத்திரண்டு நிமிஷம். ஒரு பேரையும் மாத்தறது இல்ல.