இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து அடிக்குறிப்பு

என் அக்காவின் கணவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். பொருளாதாரப் பேராசிரியர், சர்வதேச வணிகத்தில் பெரிய படிப்பு, அரசாங்கத்துக்கே ஆலோசனை சொன்னவர், தங்கமான மனுஷர். அத்தனையும் உண்மை. அவரோடு முப்பத்தொரு வருஷம் உறவாக இருந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

முக்கியமான விஷயத்தைக் கடைசியில், அதுவும் சின்னக் குரலில் சொல்வது அத்தானின் பிறவிக் குணம். பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, ஏழை நாடுகள் பருத்தியை விற்றுவிட்டுச் சட்டையை ஏன் வாங்குகின்றன என்று அப்பாவுக்கு இரண்டு மணி நேரம் விளக்கினார். அதுதான் அவருடைய ஆராய்ச்சி. தலையாட்டி ஆட்டியே அப்பாவுக்குக் கழுத்து வலி வந்துவிட்டது. எல்லாம் பேசி முடித்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒரு சின்ன விஷயம். எனக்கு வெளிநாட்டுல மூணு வருஷம் வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் கிளம்பணும். அதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சா நல்லது" என்றார். பதினேழே நாளில் கல்யாணத்தை முடிப்பதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிப் போனது.

போன இடத்தில் ஏதோ உலக அமைப்பு ஒன்றில் எந்த நாடு எதை வளர்த்தால் முன்னேறும் என்று மூன்று வருஷம் எழுதித் தள்ளிவிட்டு, பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தத் திரும்பினார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அடிக்குறிப்பு'. மணி அடித்து எல்லோரும் எழுந்த பிறகுதான் பரீட்சைக்கு வேண்டியதைச் சொல்வாராம். விவரம் தெரிந்த பிள்ளைகள் வகுப்பு முழுக்கத் தூங்கிவிட்டு, மணி அடித்ததும் நோட்டைத் திறப்பார்கள்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது, என் பட்டறைக்குக் கேடு வரும்வரை.

நான் சட்டை பட்டன் செய்கிறவன். பிளாஸ்டிக் தகட்டை வட்டமாக வெட்டி, நாலு துளை போட்டு, உருளையில் போட்டு மெருகேற்றி அனுப்புவோம். பதினோரு பேர் வேலை. இறக்குமதி வரியைக் குறைக்கலாமா என்று அறிக்கை எழுத வணிக அமைச்சர் அத்தானை நியமித்தபோது, வரி குறைக்க யோசித்த பட்டியலில் முந்நூற்று நாற்பது பொருள்கள் இருந்தன. அதில் பட்டனும் ஒன்று.

அத்தான் இரண்டு நாள் என் பட்டறையில் வந்து நின்றார். உருளை சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டார். துளை போடுகிற அக்கா எங்களிடம் இருபத்திரண்டு வருஷமாக இருந்தவர். அவர் மெஷினை நிறுத்திவிட்டு, "சார், வரி போச்சுன்னா எங்க கதி என்ன?" என்று நேராகவே கேட்டார்.

"எழுதுறேம்மா. கண்டிப்பா எழுதுறேன்."

நம்ம வீட்டு மனுஷர்தானே எழுதுகிறார் என்று நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

அறிக்கை வந்தது. அமைச்சர் முதல் பக்கத்தைப் படித்தார். 'வரியைக் குறைப்பது நீண்ட காலத்தில் நாட்டுக்கு நன்மை தரும்' என்று அதில் இருந்தது. அடுத்த வாரமே பட்டன் உட்படப் பாதிப் பொருள்களுக்கு வரியை ஒரே வெட்டாக வெட்டினார். நான் தகடு வாங்குகிற விலைக்கே வெளிநாட்டுப் பட்டன் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. எட்டு மாதத்தில் பதினோரு பேர் மூன்று பேர் ஆனோம்.

அறிக்கையைத் தூக்கிக்கொண்டு அத்தான் வீட்டுக்குப் போனேன். மேஜைமேல் போட்ட வேகத்தில் அவர் கண்ணாடி கீழே விழுந்தது. அவர் நிதானமாக அதை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்தார். அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருந்ததை விரலால் காட்டினார். ஒரே தடவையில் குறைத்தால் இருபது பேருக்குக் குறைவான பட்டறைகள் ஒரு வருஷம்கூடத் தாங்காது. ஐந்து வருஷத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

"எழுதியிருக்கேனே, மாப்ளே."

"இதை யாரு அத்தான் படிப்பா?"

"படிக்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்து அக்கா, "அவர்கிட்டப் பேசி உன் தொண்டையைக் கெடுத்துக்காதே" என்றாள். அவள் அனுபவம் அப்படி.

ஆனால் மனுஷருக்கு உள்ளே உறுத்தியிருக்கிறது. ஆலோசகர் வேலையை விட்டார். அதைச் சாக்காக வைத்து எதிர்க்கட்சி அவரைத் தேர்தலில் நிறுத்தியது. நானும் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். கடைசிக் கூட்டத்தில் நாணய மதிப்பைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். 'சிறு பட்டறைகளைக் காப்போம்' என்ற இடத்துக்கு அவர் வந்தபோது, மைக்செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது இடம்.

அவர் தோற்றாலும் அவர் கட்சி ஜெயித்தது. வரி விவகாரத்தைத் திரும்ப விசாரிக்கப் புதுக் குழு போட்டார்கள். அதில் பேச அத்தானுக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். பழைய இரும்பு வியாபாரி அதற்குள் இரண்டு முறை வந்து என் மெஷின்களைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். குழு முடிவு வரட்டும் என்று அவரிடம் தவணை சொன்னேன்.

விசாரணைக்கு முந்தின நாள் அத்தான் பதினெட்டுப் பக்கம் தயார் செய்து வைத்திருந்தார். அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள். கடைசிப் பக்கத்து அடிக்குறிப்பை வெட்டி முதல் பக்கத்தின் உச்சியில் ஒட்டினாள். மீதிப் பக்கங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். "இதைப் படிச்சுட்டு உட்காருங்க. வேற ஒரு வார்த்தை பேசினீங்க, வீட்டுக்கு வராதீங்க."

படித்தார். உட்கார்ந்தார். குழுவில் இருந்தவர்களே ஆச்சரியப்பட்டார்களாம்.

பதினைந்தாம் நாள் பேப்பரில் தலைப்புச் செய்தி. சிறு பட்டறைப் பொருள்களுக்கு வரி இனி படிப்படியாகத்தான் குறைக்கப்படும். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரும்பு வியாபாரிக்கு போன் செய்து, வர வேண்டாம் என்றேன். துளை போடுகிற அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலையில் சேர்ந்திருந்தார். அவருக்கும் போன் போட்டேன். "நாளைக்குக் காலையில அங்க கணக்கை முடிச்சுட்டு வந்துடறேன் தம்பி" என்றார். சொன்னபடியே ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, பத்து மணிக்கெல்லாம் வந்து தன் மெஷினில் படிந்த தூசியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே துடைத்தார். அதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பதினோரு மணிக்கு அத்தான் வந்தார். கையில் அரசாங்க ஆணையின் முழுப் பிரதி. இந்த ஊரில் அதைக் கடைசிப் பக்கம்வரை படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். வெயிலில் வேகமாக நடந்து வந்ததில் சட்டை நனைந்திருந்தது.

"வாங்க அத்தான், ஜெயிச்சுட்டோம்! உட்காருங்க, டீ சொல்றேன்."

அவர் உட்காரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் நின்றபடியே, பட்டறை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

"மாப்ளே, பட்டனுக்கு இல்ல. ஏற்கெனவே வரி குறைச்ச சாமானுக்கு இது பொருந்தாதாம். கடைசிப் பக்கத்துல, அடியில போட்டிருக்கான்."

முணுமுணுப்பு நின்றது. துளை போடுகிற அக்கா துணியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

முதல் விஷயத்தை முதலில் சொல்லுங்கள் என்று முப்பத்தொரு வருஷம் இந்த மனுஷரிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அவர் உள்ளே வந்து உட்கார்ந்து, பருத்தியைப் பற்றியோ நாணய மதிப்பைப் பற்றியோ ஒரு இரண்டு மணி நேரம் பேசியிருக்கக் கூடாதா?