லேபிள் கோணிய பாக்கெட்டுகள்

எங்கள் கடுகு மாமாவுக்கு அந்தப் பெயர் வந்ததே, சட்டி சூடாவதற்குள் வெடித்துவிடுகிற குணத்தால்தான். கல்யாணமான நாளிலிருந்து சாசேஜ் தொழிற்சாலையில் வேலை. அரைத்த இறைச்சியை உறைக்குள் திணிக்கிற எந்திரம் அவர் பொறுப்பில் இருந்தது. லேபிள் கோணலாக ஒட்டிய பாக்கெட்டுகள் கடைக்குப் போகாது, தொழிலாளிகள் எடுத்துக்கொள்ளலாம். மாமா பை நிறையக் கொண்டுவந்து அத்தையிடம் நீட்டுவார்.

அத்தைக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்றதும் பாக்கெட் வருவது நின்றது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கட்டியை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களெல்லாம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அப்படி என்னத்தச் சாப்பிட்டா?"

"சோறு! நீங்க எல்லாம் மண்ணா திங்கிறீங்க?" என்று எரிந்து விழுவார் மாமா. அவர்கள் போனதும் குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்.

ஒருநாள் நானும் அங்கே இருந்தபோது அத்தையின் அண்ணன் தன் மனைவியோடு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தவர் ஆப்பிள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மாப்ள, பதப்படுத்தின கறி தின்னா கேன்சர் வருமாம். போன்ல போட்டிருக்கான். மூட்டை மூட்டையாக் கொண்டாந்து என் தங்கச்சிய இப்படிப் படுக்க வச்சிட்டியே!"

"போன்ல போட்டவனா வந்து என் அடுப்பை எரிய வச்சான்? ஊதித் தள்ளுற பீடிய முதல்ல கீழ போடு, அப்புறம் எனக்குப் புத்தி சொல்லு!"

மாமாவின் மச்சான் என் பக்கம் திரும்பினார். "டேய், நீ படிச்சவன்தானே? சொல்லு."

எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் வேதியியலில். மாமாவுக்காகக்கூடப் பொய் வரவில்லை. "அடிக்கடி தின்னா குடல்ல புற்றுநோய் வர்ற வாய்ப்பு கூடும், அது நிஜம். ஆனா இன்னாருக்கு அதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் கைகாட்ட முடியாது."

மாமாவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. முகம் செத்துவிட்டது.

"அப்ப நான்தான்..."

"யாரு தின்னா அதை?" கட்டிலிலிருந்து அத்தையின் குரல். "அந்த வாடையே எனக்கு ஆகாது. உங்க மூஞ்சி வாடிடுமேன்னு வாங்கி வைப்பேன். நீங்க ஷிப்டுக்குப் போனதும் அண்ணி பையோட கொண்டுபோயிடுவாங்க."

மச்சான் மனைவியைப் பார்த்தார்.

"என்னை ஏன் முறைக்கிறீங்க? இன்னும் ரெண்டு போடுன்னு தட்டை நீட்டுனது யாரு?"

மாமா இப்போது வெடித்துச் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் மச்சானின் காலரைப் பிடித்து எழுப்பினார்.

"எந்திரிய்யா. கீழதான் டாக்டர் இருக்காரு. வா, காட்டிட்டு வரலாம்."

"எனக்கு ஒண்ணுமில்ல மாப்ள!"

"அதை அவர் சொல்லட்டும். எனக்குச் சாபம் குடுக்கவாவது நீ உசுரோட இருக்க வேணாமா?" வாசலில் நின்று மச்சானின் காலரைச் சரிசெய்தார். "நீ என்னத்தத் தின்னேன்னு எவனாவது கேட்டா, நான் கொண்டாந்து குடுத்ததுன்னு சொல்லு."