கெச்சுவாவில் பத்து வரை

பிசியோதெரபி என்பது, உட்கார்ந்திருப்பவரை எழுப்பி நிறுத்தி, அதற்காக அவரிடமே திட்டு வாங்கும் தொழில். ஈரோட்டுக்காரியான நான், நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் ஒரு ரீஹேப் சென்டரில் இருபத்திரண்டு வருஷமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன். பயிற்சித் தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்துத் தினமும் பார்க்க மட்டுமே செய்கிற உங்களுக்கு என் பாடு புரியும். ஆனால் யுசேபியோ விஷயத்தில் திட்டு வாங்க வேண்டியது நியாயமாகவே நான்தான்.

தலையாட்டுபவர்

யுசேபியோவுக்கு வயது அறுபத்தொன்று. பெருவிலிருந்து வந்து இங்கே கூரை போடும் வேலை செய்தவர். ஸ்ட்ரோக்கில் வலது பக்கம் பலவீனமாகி எங்களிடம் வந்தார். ஃபைலில் மொழி என்ற இடத்தில் ஸ்பானிஷ் என்று இருந்தது. டேப்லெட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் வந்துவிடுவார். அவர் சொல்வதற்கெல்லாம் யுசேபியோ தலையாட்டினார், ஆனால் எதையும் செய்யவில்லை. நான் செய்து காட்டினால் செய்தார். அதிலும் ஒரு விசித்திரம். நல்லபடியாக இருந்த இடது காலை ஊன்றச் சொன்னால் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பிறகு நீளமாக ஏதோ சொல்வார்.

மூளைக் குழப்பம் என்று எல்லோரும் முடிவு செய்தோம். நானும் அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் இதே நிலை என்றால் அவரை மூன்றாம் மாடி மறதி வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கதவுக்கு நம்பர் பூட்டு. உள்ளே போனவர்கள் வீடு திரும்பி நான் பார்த்ததில்லை. டேப்லெட் பெண்மணியிடம், அப்படி என்னதான் சொல்கிறார் என்று கேட்டேன். "மேடம், இவர் பேசறது ஸ்பானிஷ் இல்ல. எனக்குத் தெரிஞ்சு அது எதுவுமே இல்ல."

மூடி போட்ட கப்

அவருடைய ரூமில் பக்கத்துப் படுக்கை சபாபதி அங்கிளுக்கு. திருநெல்வேலிக்காரர், மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் இடது முட்டி ஆபரேஷன். இருவரும் ஒரே திங்கட்கிழமை வந்து சேர்ந்தார்கள். அங்கிளுக்கு ஆபீஸில் ஹிந்தி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒன்றுமே புரியாமல் அரை மணி நேரம் மரியாதைக்குத் தலையாட்டியிருக்கிறார் மனிதர். 'நோயாளி அனைத்தையும் புரிந்துகொண்டார்' என்று ஃபைலில் ஏறிவிட்டது. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

யுசேபியோ ஒவ்வொரு தடவை தண்ணீர் குடிக்கும்போதும் கொஞ்சம் கீழே சிந்தும். 'கப் பிடிக்கும் கட்டுப்பாடு குறைவு' என்று எழுதினேன். குழந்தைகளுக்குத் தருகிற மூடி போட்ட கப்பைக் கொடுத்தார்கள். அதில் அவர் குடிக்க மறுத்துவிட்டார். 'தண்ணீர் மறுக்கிறார்' என்று அதுவும் ஃபைலில் ஏறியது. அங்கிள்தான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, கை நடுங்குனா தெனமும் ஒரே எடத்துலயா சிந்தும்? மொதல்ல தரைக்கு ஒரு சொட்டு, அப்புறந்தான் வாய்க்கு. எங்கப்பா எலையச் சுத்தி தண்ணி விடுவாரே, அத மாதிரில்லா இருக்கு."

பத்து

மூடியை எடுத்துவிட்டு நானே தண்ணீர் கொடுத்தேன். தரைக்கு ஒரு சொட்டு விட்டார், மீதியை ஒரே மூச்சில் குடித்தார். அன்று முதன்முறையாக அவரைப் பேஷன்ட்டாக இல்லாமல் மனிதராகப் பார்த்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. உட்கார்ந்தபடி காலைத் தூக்கும் பயிற்சி நடந்தது. பழக்க தோஷத்தில் நான் ஒண்ணு, ரெண்டு என்று வாய்க்குள் எண்ணினேன். இத்தனை வருஷத்தில் எண்ணுவதற்கு மட்டும் எனக்கு இங்கிலீஷ் வந்ததே இல்லை. அவரும் முணுமுணுத்தார். ஹுக், இஸ்காய், கிம்சா, தாவா, பிச்கா. பத்தாவதில் சுங்கா என்று நிறுத்தினார். அடுத்த பத்துக்கும் அதே சத்தங்கள், அதே வரிசை. குழம்பிய மூளை இப்படி வரிசையாக எண்ணாது.

அவருடைய மகள் ரோசாவுக்கு இரண்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவாள். வந்த அந்த ஒரு ஞாயிறும் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாரே தவிர, வாய் திறக்கவில்லை. அவளுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரை அவர் பக்கம் வைத்தேன். அவர் எண்ணி முடித்ததும் ரோசா சொன்னாள்: "அது கெச்சுவா. சித்தப்பாகிட்ட ஃபோன்ல பேசும்போது மட்டும் பேசுவார், அதுவும் ரூம் கதவைச் சாத்திட்டு. எங்களுக்குச் சொல்லியே தரல. லிமா சிட்டில இத பேசினா சிரிப்பாங்க, உனக்கு வேணாம்னு சொல்லிட்டார்."

செருப்பு

ஸ்ட்ரோக் அவரிடமிருந்து பின்னால் கற்ற ஸ்பானிஷை எடுத்துக்கொண்டு, தாய்மொழியை விட்டுவைத்திருந்தது. கெச்சுவா, பெருவை ஆண்ட இன்கா மன்னர்களின் மொழியாம். அவர்களைப் பற்றி நான் ஸ்கூலில் ஒரு பாராதான் படித்தேன். மலைமேல் ரோடு போட்டார்கள், ஸ்பெயின்காரர்கள் வந்தார்கள், முடிந்தது. ராஜாக்களோடு ஜனங்களும் முடிந்துபோனார்கள் என்றே நினைத்திருந்தேன். அந்த முடிந்துபோன மொழிதான் என் எதிரில் உட்கார்ந்து பத்து வரை எண்ணியிருக்கிறது.

கெச்சுவா மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால், எந்த ஊர் கெச்சுவா என்று திருப்பிக் கேட்டார்கள். கோயம்புத்தூரா திருநெல்வேலியா என்பது மாதிரி. கூஸ்கோ பக்கம் என்றாள் ரோசா. மீட்டிங்குக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, ஃபோனில் ஒரு பெண் கிடைத்தாள். அவள் வணக்கம் சொன்னதும் யுசேபியோ நிமிர்ந்து உட்கார்ந்து, இத்தனை நாளாக எங்களிடம் சொன்ன அதே நீளமான பேச்சைப் பேசினார். அதை அவள் அப்படியே மொழிபெயர்த்தாள்: "என் இடது கால் செருப்பு என்னுடையது இல்லை. விரல் மடங்குகிறது. பத்து நாளாகச் சொல்கிறேன்."

குனிந்து பார்த்தேன். இரண்டு படுக்கைக்கும் ஒரே மாதிரி கறுப்பு வெல்க்ரோ ஷூ. முதல் நாள் அவசரத்தில் இடது கால் ஷூக்களை மாற்றி மாட்டிவிட்டது நானேதான். சபாபதி அங்கிளிடம், உங்களுக்கு லூசாக இருக்கவில்லையா என்று கேட்டேன். "இருந்துச்சு. வீக்கம் வத்திட்டுன்னு சந்தோஷமால்லா இருந்தேன்."

உறவுமுறை

மீட்டிங்கில் என் குறிப்புகளை நானே ஒவ்வொன்றாகத் தப்பு என்று வாசித்தேன். மறதி வார்டு பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் வீட்டு வாசலில் படிகள், பகலில் ஆள் இல்லை. படிக்குப் பதில் சாய்வாக ஒரு ராம்ப்பும் துணைக்கு ஆளும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார் சோஷியல் வொர்க்கர். உதவுபவர் பெயர், உறவுமுறை என்று ஒரு ஃபாரம் நீட்டினார். எழுத யாருமில்லை என்று, லீவு போட்டு வந்திருந்த ரோசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மொழிபெயர்ப்பில் எல்லாவற்றையும் கேட்ட யுசேபியோ, மகளுடைய ஃபோனை வாங்கி ஒருவரிடம் இரண்டு நிமிஷம் பேசினார்.

திங்கட்கிழமை வீட்டைச் சோதிக்கப் போனேன். ராம்ப் தயார். ஞாயிற்றுக்கிழமை அவர் ஊர்ப்பக்கத்து ஆட்கள் ஏழு பேர் வந்து கட்டியிருந்தார்கள். பகலில் யார் எந்தக் கிழமை இருப்பது என்று ஃப்ரிட்ஜில் பெயர்கள் ஒட்டியிருந்தன. நீ என் வேலைக்கு வா, நான் உன் வேலைக்கு வருகிறேன் என்கிற இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் மொழியில் அய்னி என்று பெயர். கைப்பிடிக்கு மணல்தாள் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் ஃபாரத்தைக் காட்டி, நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டேன். "அவர் என் வீட்டுக் கூரைக்கு மூணு நாள் வந்தார். நான் இதுவரைக்கும் ஒரு நாள்தான் வந்திருக்கேன்."

கார் வரை

டிஸ்சார்ஜ் அன்று வாக்கரோடு கார் வரை நடந்தார், சொந்தச் செருப்பில். ஒவ்வொரு அடியையும் ரோசா எண்ணினாள். ஃபோனைப் பார்த்து நான்கு வரை மனப்பாடம் செய்திருந்தாள். தாவா என்றதும் சிக்கிக்கொண்டாள். அவர் நகரவில்லை. அப்படியே நின்று மகளைப் பார்த்தார், ஐந்து வந்தால்தான் அடுத்த அடி என்பதுபோல. எனக்குத்தான் பொறுக்கவில்லை. மெதுவாக, பிச்கா என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். ரோசா சிரிப்பும் அழுகையுமாக என்னைப் பார்த்தாள். "எங்கப்பா பாஷைய எனக்கு ஒரு இண்டியன் லேடியா சொல்லித் தரணும்?"

பிசியோதெரபிப் புத்தகத்தில் கெச்சுவா இல்லைதான், ஆனால் நிற்கச் சொல்வதற்கு முன் செருப்பைப் பார் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது.