பெட்டி போகும் வழியில் கேமரா

ஓய்வு பெற்ற அதிகாரியிடம் யாரும் வேலை சொல்வதில்லை. கருத்துக் கேட்பார்கள், கேட்டுவிட்டு வேறு மாதிரி செய்வார்கள். அதனால்தான், முதலிபாளையம் தொழிற்பேட்டையில் பேக்கிங் யூனிட் நடத்தும் என் தங்கை, "அண்ணா, கேமரா வெக்கோணும். நீங்கதான் வந்து பிளான் போட்டுக் குடுக்கோணும்" என்று போனில் சொன்னபோது, கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்தேன். போனை வைத்ததும் அளவு டேப்பைத் தேடினேன்.

பனியன்களைச் சோதித்து, மடித்து, அட்டைப்பெட்டியில் அடைத்து அனுப்புவது அவள் தொழில். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் வேலை தர இசைந்திருந்தார், ஒரு நிபந்தனையோடு. டேப் ஒட்டி மூடிய பெட்டி லாரியில் ஏறும்வரை, அதன் அருகே யார் போனாலும் கேமராவில் தெரிய வேண்டும். வியாழக்கிழமை அவருடைய ஆடிட்டர் வந்து சோதிப்பார். தேறினால் வருடம் முழுக்க வேலை. இல்லையென்றால் பழையபடி, பெரிய கம்பெனிகள் செய்ய முடியாமல் தள்ளிவிடும் வேலைக்காகக் காத்திருக்க வேண்டும்.

என் காலம் அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் துறையில் போனது. அங்கே ஒரு குழல்விளக்கை மாற்றுவதென்றால் ஆய்வு, மதிப்பீடு, ஒப்புதல், மறு ஒப்புதல். விளக்கு வந்து சேரும்போது அந்த அறையையே இடித்திருப்பார்கள். இங்கே ஒப்புதல் தரவேண்டியவள், டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். இவ்வளவு வேகமான நிர்வாகத்தை நான் பார்த்ததில்லை.

ஆள் நடமாட்டம் இருக்காது என்று ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். முந்தின நாள்தான் ஒரு ஷிப்மென்ட் போயிருந்தது. கிடங்கு, கூட்டம் கலைந்த கல்யாண மண்டபம்போல் காலியாகக் கிடந்தது. நான் சாக்பீஸால் சுவர் மூலைகளில் குறி போட, கேமரா பொருத்துகிறவர் ஏணியில் ஏறினார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்.

"அண்ணாச்சி, சாப்பிடுற எடத்துலயும் ஒண்ணு போட்டுருவமா? கேமரா மிச்சம் கெடக்கு."

"அது வேண்டாங்க. பொம்பளைங்க நிம்மதியா சோறு திங்கட்டும்" என்றாள் தங்கை.

"சரிக்கா. யார் வீட்டுக் கொழம்பு நல்லாருக்குன்னு பாத்துக்கிடலாமேன்னு சொன்னேன்."

மாலையில் திரை உயிர் பெற்றது. சுவருக்குச் சுவர், வாசலுக்கு வாசல், கிடங்கு முழுதும் தெரிந்தது. நாங்கள் மாறி மாறி உள்ளே நடந்தும் வெளியே வந்து பார்த்தும் மகிழ்ந்தோம்.

"ஏனுங்ணா, மேல இருந்து பாத்தா உங்களுக்கு முடியே இல்லீங்களே" என்றாள். கேமராவின் துல்லியத்துக்கு அதைவிடச் சான்று தேவைப்படவில்லை.

புதன்கிழமை காலை மறுபடி போன். "அண்ணா, கெடங்குல ஒண்ணுமே தெரியலீங்க. அட்டைதான் தெரியுது."

போய்ப் பார்த்தேன். இந்த ஊரில் தரை காலியாக இருந்தால் அது குற்றம். ஒட்டிய பெட்டிகளைக் கிடைத்த இடத்திலெல்லாம் கூரை முட்ட அடுக்கியிருந்தார்கள். லாரி வெள்ளிக்கிழமைதான். என் மூலைக் கேமரா தன் முன்னால் நின்ற ஒரே பெட்டியை விசுவாசமாகக் காட்டிக்கொண்டிருந்தது. நனையக்கூடாது என்பதற்கான குடைப்படம் அபாரத் தெளிவு. வேலை நடக்கும்போதுதான் இடத்தைப் பார்வையிட வேண்டும் என்று எத்தனையோ பேருக்கு மெமோ கொடுத்தவன் நான்.

தங்கை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "பெட்டிய ஏனுங்ணா பாக்கோணும்? பெட்டிகிட்டப் போற ஆளத்தான பாக்கோணும்?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. பெட்டிகளை இருபுறச் சுவரோடும் இடைவெளியின்றி ஒட்டி அடுக்கினால், நடுவில் ஒரே வழி. வழியின் இரண்டு முனையிலும் கதவுக்கு மேல் ஒவ்வொரு கேமரா, ஒன்றையொன்று பார்த்தபடி. எந்தப் பெட்டியைத் தொடவும் அந்த வழியில் வந்தே ஆக வேண்டும்.

மதியமே கேமராக்காரர் வந்து கேமராக்களைக் கதவுகளுக்கு மேல் மாற்ற, எல்லோரும் வரிசையாக நின்று பெட்டிகளைக் கைமாற்றினார்கள். பேக்கிங்கில் மூத்த பெண்மணி என்னைக் கடக்கும்போதெல்லாம் ஒன்றையே சொன்னார்.

"ஏஞ்சாமி, அடுத்த தடவ வேல நாள்ல வந்து கோடு போடுங்க. ஒரே தடவையா தூக்கிப் போடறோம்."

நானும் ஒரு பெட்டி தூக்கினேன். அதன்பின் மேற்பார்வைக்கு மாறினேன்.

வியாழக்கிழமை வந்த ஆடிட்டர் அதிகம் பேசவில்லை. திரையை ஒரு நோட்டம் விட்டுவிட்டுத் தங்கையிடம், "மேடம், இந்த இடம் உங்களுக்கு நல்லாத் தெரியும். கேமராவுல விழாம ஒரு பெட்டிய எடுத்துட்டு வெளிய வர முடியுமான்னு பாருங்க" என்றார்.

அவள் தோற்றால்தான் ஆர்டர். ஆனால் தோற்பதுபோல் நடித்தால் அந்த மனிதர் கண்டுபிடித்துவிடுவார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். மெய்யாகவே திருட முயன்றாள். அடுக்கோடு அடுக்காக ஒட்டி நகர்ந்தாள். முதல் கேமராவில் குனிந்து மறையப் பார்த்தாள், இரண்டாவது கேமராவில் முதுகு தெரிந்தது. சின்னப் பெட்டி ஒன்றை உருவி, தவழாத குறையாக வந்தாள். கடைசி ஓவர் பார்ப்பவர்களைப்போல நாங்கள் நாற்காலி நுனிக்கு வந்திருந்தோம். என் தங்கை பிடிபட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றுதான்.

"அக்கா, முழங்கை தெரியுது" என்று கேமராக்காரர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"முழங்கை என்ன, எல்லாமே தெரியுது" என்றார் ஆடிட்டர். முதல்முறையாகச் சிரித்தார்.

மூச்சிரைக்க வந்து நின்றாள். "புடிச்சுட்டீங்களா?"

"புடிச்சாச்சு மேடம். ரிப்போர்ட்ல ஓகேன்னு போட்டுடறேன். அடுத்த வாரம் சரக்கு வந்துடும்."

அவள் என்னைப் பார்த்தாள். எல்லோருக்கும் டீ சொல்லக் கிடங்கு வழியாக வெளியே போனாள், பெட்டியைக் கீழே வைக்க மறந்து, அதை இடுப்பில் இடுக்கியபடியே. போகிற வழி முழுக்க ஒவ்வொரு கேமராவிலும் தெரிந்தாள்.